ஏரிக்கரை யாருடையது? சிகாகோ அருங்காட்சியகங்களின் உருவாக்கமும் பொதுநில உரிமையும் (1836–2024)

முன்னுரை

சிகாகோவுக்குச் சுற்றுலா செல்வோர் பார்க்க வேண்டிய இடங்கள் என்று எந்தக் கையேட்டை எடுத்தாலும் ஐந்து பெயர்கள் தவறாமல் இருக்கும்: கலைக் கழகம், ஃபீல்டு இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், ஷெட் நீர்வாழ் உயிரினக் காட்சியகம், ஆட்லர் கோளரங்கம், அறிவியல் தொழில் அருங்காட்சியகம். வரைபடத்தில் இவை அமைந்திருக்கும் விதம் ஒரு கேள்வியை எழுப்புகிறது. ஃபீல்டு, ஷெட், ஆட்லர் மூன்றும் கிராண்ட் பூங்காவின் தென்கோடிக்கு அப்பால் மிச்சிகன் ஏரியை ஒட்டி நிற்கின்றன. அறிவியல் தொழில் அருங்காட்சியகம் இவற்றிலிருந்து வெகுதூரம் தள்ளி, தெற்கே ஜாக்சன் பூங்காவில் தனித்திருக்கிறது. நகரின் முற்றமான கிராண்ட் பூங்காவின் நடுவிலோ கட்டடமே இல்லை. 1927இல் அமைக்கப்பட்ட பக்கிங்ஹாம் நீரூற்றும் புல்வெளியுமே அங்குள்ளன. கலைக் கழகம் மட்டும் அப்பூங்காவின் மேற்கு ஓரத்தில் விதிவிலக்காக நிற்கிறது.

இந்த அமைப்பை விளக்க இரண்டு காரணங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. ஒன்று, பெருவணிகர்களின் கொடை. மற்றொன்று, கட்டடக் கலைஞர் டேனியல் பர்ன்ஹாம் 1909இல் வெளியிட்ட நகரத் திட்டம். இரண்டும் உண்மையே, ஆனால் போதுமானவை அல்ல. கொடை எவ்வளவு என்பதைவிட நிலம் யாருடையது என்ற வழக்கே இந்நகரின் அருங்காட்சியகங்களுக்கு இடம் குறித்தது என்பதையும், வணிகர்களுக்காக உருவான பொதுநில ஏற்பாடு பின்னாளில் அவர்கள் ஒதுக்கிவைத்த மக்களுக்கும் பயன்பட்டது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

1. வரைபடத்தில் எழுதிய ஒரு வரி

சிகாகோ 1837இல் நகராட்சித் தகுதி பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு, கால்வாய் வெட்டுவதற்குப் பணம் திரட்ட மனைகளைப் பிரித்து விற்ற ஆணையர்கள், ஏரியை ஒட்டிய ஒரு துண்டு நிலத்தை விற்காமல் விட்டனர். அது பொதுவெளி என்றும், கட்டடமோ வேறு தடையோ இன்றி என்றென்றும் திறந்தே இருக்க வேண்டும் என்றும் வரைபடத்தில் எழுதிவைத்தனர். அந்த வரியை நம்பியே எதிர்ச்சாரி மனைகளை மக்கள் வாங்கினர். ஆகவே அது வெறும் விருப்பமாக நிற்காமல், வாங்கியவர்களின் சொத்துரிமையோடு பிணைந்த வாக்குறுதியானது.

1850களில் இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வே ஏரிக்குள் கட்டைத் தூண்கள் நட்டு, கரையோரமாகத் தண்டவாளம் போட்டது. 1871 அக்டோபரில் மூண்ட பெருந்தீயில் ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். சுமார் ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். அதுவரை நகரம் சேர்த்துவைத்திருந்த அறிவுச் செல்வமும் அதோடு போயிற்று. 1856இல் தோன்றிய வரலாற்றுக் கழகத்தின் கட்டடம் தீப்பிடிக்காதது என்று பெயரெடுத்திருந்தது. அதுவும் எரிந்தது. அடிமைகள் விடுதலைப் பிரகடனத்தின் லிங்கன் கைப்பட எழுதிய படி அதில் சாம்பலானது. 1857இல் நிறுவப்பட்ட அறிவியல் கழகமும் தன் சேகரிப்பை இழந்தது.

எரிந்த நகரத்தின் இடிபாடுகளைக் கரைக்கும் தண்டவாளத்துக்கும் இடைப்பட்ட நீரில் கொட்டினார்கள். பொதுவெளி அகன்றது. பின்னாளில் கிராண்ட் பூங்கா எனப் பெயர்பெற்ற நிலத்தின் ஒரு பகுதி இப்படி உருவானதே. புதிதாகத் தோன்றிய நிலத்துக்கும் பழைய வாக்குறுதி செல்லுமா என்ற கேள்வியும் உடன் பிறந்தது.

ஏரிப்படுகை குறித்து வேறொரு வழக்கும் நடந்தது. 1869இல் மாநிலச் சட்டமன்றம் துறைமுகப் பகுதியின் ஏரிப்படுகையை ரயில்வேக்கு எழுதிக்கொடுத்தது. 1873இல் அதைத் திரும்பப் பெற்றது. 1892இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏரிப்படுகையை அரசு மக்களின் அறங்காவலராகவே வைத்திருக்கிறது, அதைத் தனியாருக்குத் தாரைவார்க்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 1836இன் வாக்குறுதியும் 1892இன் தீர்ப்புமாக இரண்டு சட்டக் கருவிகள் சிகாகோ மக்கள் கையில் இருந்தன.

2. 1893: கண்காட்சி விட்டுச்சென்றவை

கொலம்பஸ் அமெரிக்கா சென்றதன் நானூறாம் ஆண்டை ஒட்டிய உலகக் கண்காட்சி 1893 மே முதல் அக்டோபர் வரை ஜாக்சன் பூங்காவில் நடந்தது. பர்ன்ஹாம் கட்டுமானத்தை மேற்பார்வையிட, ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் நிலவெளியை வடிவமைத்தார். சுமார் 2.7 கோடி வருகைகள் பதிவாயின. 'வெள்ளை நகரம்' எனப் புகழப்பட்ட அதன் மாளிகைகளில் பெரும்பாலானவை நார் கலந்த சுண்ணச் சாந்தைப் பூசி எழுப்பிய தற்காலிகக் கட்டடங்கள். நுண்கலை மாளிகைக்கு மட்டும் உட்பகுதியைச் செங்கல்லால் கட்டினார்கள். இரவல் வந்த ஓவியங்களுக்குத் தீப்பாதுகாப்பு வேண்டும் என்பதே காரணம். கண்காட்சி முடிந்தபின் அது நிலைத்ததற்கும் அந்த முன்னெச்சரிக்கையே காரணமாயிற்று.

காட்சிப் பொருள்கள் கலைந்து போகுமுன் அவற்றை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. எட்வர்டு ஏயர் என்ற சேகரிப்பாளர், துணிக்கடை அதிபர் மார்ஷல் ஃபீல்டை வற்புறுத்திப் பத்து லட்சம் டாலர் பெற்றார். 1894 ஜூனில் அதே நுண்கலை மாளிகையில் ஃபீல்டு கொலம்பிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

கலைக் கழகத்தின் கதை வேறு. 1879இல் தொடங்கிய அந்நிறுவனம், கண்காட்சியை ஒட்டிய மாநாடுகளுக்கு இடம் தருவதாக ஒப்புக்கொண்டு, பொதுவெளியின் ஓரத்தில் புதுக்கட்டடம் எழுப்பியது. எதிர்ச்சாரி மனைக்காரர்களின் இசைவு கிடைத்ததால் அது சாத்தியமாயிற்று. 1893 செப்டம்பர் 11 அன்று உலகச் சமயப் பேரவையின் தொடக்க நாளில் விவேகானந்தர் உரையாற்றியது இக்கட்டடத்தில்தான். சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடுவீடாகத் திரட்டிய பணமும், இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியின் ஊக்கமும் அந்தப் பயணத்துக்குப் பின்னால் இருந்தன. மாநாடுகள் முடிந்து 1893 டிசம்பரில் கட்டடம் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்து சென்ற 12ஆம் நூற்றாண்டுக் கருங்கல் புத்தர் இன்று இதன் ஆசியக் கூடத்தில் அமர்ந்திருக்கிறார்.

3. வார்டின் வழக்குகள்

அஞ்சல்வழி வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய மான்ட்கோமரி வார்டின் நிறுவனம் மிச்சிகன் அவென்யூவில் இருந்தது. அவரது சன்னலுக்கு எதிரே பொதுவெளியில் குப்பையும் கொட்டகைகளும் குவிந்து கிடந்தன. 1890இல் அவர் வழக்குத் தொடுத்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அது வெவ்வேறு வடிவங்களில் தொடர்ந்தது.

இதனிடையே 1906 சனவரியில் மார்ஷல் ஃபீல்டு இறந்தார். அருங்காட்சியகத்துக்கு அவர் எழுதிவைத்த தொகை 80 லட்சம் டாலர்; பாதி கட்டடத்துக்கு, பாதி பராமரிப்புக்கு. ஒரு நிபந்தனையும் விதித்திருந்தார்: ஆறு ஆண்டுகளுக்குள் நிலம் இலவசமாகக் கிடைக்க வேண்டும், தவறினால் பணம் இல்லை. ஃபீல்டு அருங்காட்சியகம் கிராண்ட் பூங்காவின் நடுநாயகமாக அமைய வேண்டும் என்பது பர்ன்ஹாமின் கனவு. 1909ஆம் ஆண்டுத் திட்ட நூலிலும் அது அப்படியே தீட்டப்பட்டது.

வார்டு விட்டுக்கொடுக்கவில்லை. நாளிதழ்கள் அவரை நகர வளர்ச்சிக்குத் தடையானவர் என்று சாடின. ஆயினும் இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றம் நான்கு முறை அவர் பக்கமே தீர்ப்பளித்தது. இட்டு நிரப்பிய நிலத்துக்கும் பழைய வாக்குறுதி செல்லும் என்பது உறுதியாயிற்று. ஃபீல்டின் கெடு நெருங்கியது. ஜாக்சன் பூங்காவிலேயே கட்டிவிடலாம் என்ற யோசனைகூட எழுந்தது. இறுதியில் கிராண்ட் பூங்காவுக்குத் தெற்கே, தடையின் எல்லைக்கு வெளியே, இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வே விட்டுக்கொடுத்த நிலம் கைகொடுத்தது. 1915இல் கட்டத் தொடங்கி 1921 மே மாதம் திறந்தார்கள். இன்று பயணிகள் வியக்கும் அருங்காட்சியக வளாகத்தின் முதல் கட்டடம், நடுவில் இடம் மறுக்கப்பட்டதால் ஓரத்துக்குச் சென்ற கட்டடமே.

4. இட்ட மண்ணில் எழுந்த கூடங்கள் (1926–1933)

முதல் கட்டடம் காட்டிய திசையில் மற்றவை வந்தன. ஃபீல்டு நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜான் ஷெட் 30 லட்சம் டாலர் கொடுத்தார். நீர்வாழ் உயிரினக் காட்சியகம் 1930 மே இறுதியில் திறக்கப்பட்டது. கடலுக்கு வெகுதூரத்தில் உள்ள நகரத்துக்குக் கடல்நீர் எங்கிருந்து வரும்? ஃபுளோரிடாவின் கீ வெஸ்டிலிருந்து இருபது ரயில் தொட்டிகள் எட்டு நடை ஓடிப் பத்து லட்சம் காலன் நீரைக் கொண்டுவந்தன. அதே மாதம், சியர்ஸ் நிறுவன அதிகாரி மாக்ஸ் ஆட்லரின் கொடையில், ஏரியை மண்ணிட்டு உருவாக்கிய நார்தர்லி தீவில் மேலைப் பாதியுலகின் முதல் கோளரங்கம் திறக்கப்பட்டது. மூன்று கட்டடங்களுமே வார்டின் தடைக்குத் தெற்கில், செயற்கை நிலத்தில் எழுந்தவை.

ஃபீல்டு அருங்காட்சியகம் வெளியேறியதும் ஜாக்சன் பூங்காவின் பழைய மாளிகை சிதிலமடைந்தது. அதை இடிக்கக் கூடாது என்று மாதர் சங்கங்களும் சிற்பி லொராடோ டாஃப்டும் இயக்கம் நடத்தினர். பூங்கா ஆணையம் 50 லட்சம் டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட வாக்காளர்கள் ஒப்புதல் தந்தனர். சியர்ஸ் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட் 1926இல் 30 லட்சம் டாலர் அறிவித்தார். 1911இல் மியூனிக் நகரில் தம் மகனோடு பார்த்த தொழில்நுட்பக் கூடமே அவருக்கு முன்மாதிரி. இயந்திரங்களைப் பார்வையாளரே இயக்கிப் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். செங்கல் உடலுக்குச் சுண்ணாம்புக்கல் போர்த்தி 1933இல் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தின் முதல் கட்டத்தைத் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. நிலக்கரிச் சுரங்க மாதிரி அன்றிலிருந்து உள்ளது. 1944இல் பிடிபட்ட யு-505 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கி 1954இல் வந்துசேர்ந்தது.

ரோசன்வால்ட் தம் பெயரை அருங்காட்சியகத்துக்கு வைப்பதை ஏற்கவில்லை. மக்கள் வரிப்பணத்தில் பாதி, மக்கள் நிலத்தில் முழுவதும் நிற்கும் ஒன்றுக்குத் தனியொருவர் பெயர் பொருந்துமா என்பது அப்போது எழக்கூடிய கேள்வியாக இருந்தது. 12.5 கோடி டாலர் கொடையை அடுத்து 2024இல் அது கென்னத் கிரிஃபின் பெயரை ஏற்றது.

5. விடுபட்டவர்கள்

1893இன் வெள்ளை நகரத்தில் கறுப்பின அமெரிக்கர்களுக்குக் கண்ணியமான இடம் தரப்படவில்லை. ஐடா பி. வெல்ஸ், ஃபிரெடரிக் டக்ளஸ் முதலியோர் அதைக் கண்டித்துச் சிறுநூல் வெளியிட்டு, ஹைத்தி நாட்டு அரங்கில் இருந்தபடி வழங்கினர். பூர்வகுடி மக்களோ காட்சிப் பொருளாக நிறுத்தப்பட்டனர். அன்று சேர்த்த பொருள்கள் ஃபீல்டு அருங்காட்சியகத்தின் அடித்தளம் ஆயின. அந்தக் கணக்கு தீர நூறாண்டுக்கு மேலாயிற்று: பூர்வகுடிகளோடு கலந்து உருவாக்கிய புதுக்கூடம் 2022இல் திறந்தது, 2024இல் புதிய கூட்டாட்சி விதிகளை ஒட்டி, அந்தந்தக் குடியினரின் இசைவு பெறாத சில காட்சிப் பேழைகளை அருங்காட்சியகம் மூடி மறைத்தது.

கோடிகள் இல்லாதவர்கள் வேறு வழியில் தொடங்கினர். ஓவியர் மார்கரெட் பரோஸும் கணவர் சார்லஸும் 1961இல் தெற்கு மிச்சிகன் அவென்யூவில் இருந்த தம் வீட்டிலேயே கறுப்பின வரலாற்று அருங்காட்சியகத்தைத் திறந்தனர். பூர்வகுடியல்லாதவர்களுள் சிகாகோவில் முதலில் நிலையாகக் குடியேறியவரும் கறுப்பினத்தவருமான டூ சாபிளின் பெயரை 1968இல் அது ஏற்றது. 1973இல் வாஷிங்டன் பூங்காவில் இருந்த பூங்கா நிர்வாகக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. பில்சன் பகுதியில் கார்லோஸ் டோர்டோலேரோவும் சக ஆசிரியர்களும் 1982இல் தொடங்கிய மெக்சிகக் கலை அருங்காட்சியகம், 1987இல் ஹாரிசன் பூங்காவில் பூங்காத் துறையின் பழைய படகுப் பட்டறையில் கதவு திறந்தது. அங்கே இன்றும் நுழைவுக் கட்டணம் இல்லை.

இரண்டும் நின்ற நிலம் பூங்கா நிலம் என்பது தற்செயலன்று. பொதுப் பூங்காக்களில் அருங்காட்சியகம் அமைக்கவும் அதற்கு வரிப்பணம் ஒதுக்கவும் மாநிலச் சட்டம் வழிவகுத்திருந்தது. ஃபீல்டுக்கும் ஷெட்டுக்கும் பயன்பட்ட அதே ஏற்பாட்டைத்தான் பரோஸும் டோர்டோலேரோவும் தங்கள் மக்களுக்காகப் பற்றிக்கொண்டனர். பரோஸ் பின்னர் 1985 முதல் பூங்கா ஆணையர்களுள் ஒருவராகவும் பணியாற்றினார்.

6. வாக்குறுதி இன்னும் செல்லும்

1998இல் ஏரிக்கரைச் சாலையின் ஒரு பக்கப் பாதையை மேற்கே நகர்த்தி, ஃபீல்டு, ஷெட், ஆட்லர் மூன்றையும் ஒரே பசுமை வளாகமாக இணைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் 'சூ' என்ற டைரனோசாரஸ் எலும்புக்கூடு ஃபீல்டில் காட்சிக்கு வந்தது. 1997 ஏலத்தில் அதன் விலை 80 லட்சம் டாலரைத் தாண்டியது. மெக்டொனால்ட்ஸ், டிஸ்னி நிறுவனங்கள் பணம் கொடுத்தன.

கிராண்ட் பூங்காவின் வடமேற்கில் ரயில் தடங்களுக்கு மேல் 2004இல் மில்லேனியம் பூங்கா திறந்தபோது பழைய தடை மறுபடி குறுக்கே வந்தது. ஃபிராங்க் கெரி வடிவமைத்த உயரமான இசையரங்கைக் கட்டடம் என்று சொல்லாமல் கலைப்படைப்பு என வகைப்படுத்தித் தப்பித்தார்கள். சிறுவர் அருங்காட்சியகம் கிராண்ட் பூங்காவுக்கு இடம்பெயர 2008இல் நகர மன்றம் அனுமதித்தும், எதிர்ப்பால் அது நடக்கவில்லை. 2014இல் திரைப்பட இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் ஏரிக்கரையில் அருங்காட்சியகம் கட்ட முன்வந்தார். பூங்கா ஆர்வலர் அமைப்பு ஒன்று 1892 தீர்ப்பின் அறங்காவல் கோட்பாட்டை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் சென்றது. 2016இல் அவர் திட்டத்தைக் கைவிட்டு, பின்னர் லாஸ் ஏஞ்சலிஸைத் தேர்ந்தார். மாறாக, ஜாக்சன் பூங்காவில் ஒபாமா மையத்துக்கு எதிரான வழக்குகள் தோற்றன; 2021இல் கட்டுமானம் தொடங்கியது. பொதுநில வாதம் எல்லாக் கட்டடத்தையும் தடுப்பதில்லை. ஒவ்வொன்றையும் பொது அவையில் நியாயம் சொல்ல வைக்கிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, சிகாகோ அருங்காட்சியகங்களின் இருப்பிடத்தை வள்ளல்களின் விருப்பத்தைவிட 1836, 1892ஆம் ஆண்டுகளின் பொதுநில உரிமைகளே தீர்மானித்தன. பர்ன்ஹாமின் திட்டம்கூட அவற்றுக்கு வளைந்துகொடுத்தது. இரண்டாவது, கொடையாளர் தந்தது கட்டடமும் தொகையும். மக்கள் தந்தது நிலமும் வரியும். இல்லினாய்ஸ்வாசிகளுக்கு ஆண்டுதோறும் சில நாள் இலவச அனுமதி தரவேண்டும் என்ற சட்டக் கடமை இந்தப் பேரத்தின் பலன். அதைச் சலுகை என்று சொல்வது பொருந்தாது. மூன்றாவது, நிலம் பொதுவில் இருந்ததால்தான் 1893இல் கதவடைக்கப்பட்டவர்களின் வாரிசுகள் எண்பது ஆண்டுகள் கழித்து அதில் பங்கு கோர முடிந்தது. ஏரிக்கரையை அன்றே விற்றிருந்தால் ஃபீல்டுகளுக்கு அருங்காட்சியகம் எப்படியும் அமைந்திருக்கும். பரோஸுகளுக்கு அமைந்திருக்குமா என்பது ஐயமே.