நம் குடியரசுத் தலைவர்களுள் சிறந்தவர் யார்?

அமெரிக்க வரலாற்றாசிரியர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. தம் நாட்டை ஆண்ட ஜனாதிபதிகளைப் பள்ளிப் பிள்ளைகளைப் போல் வரிசையாக நிறுத்தி, முதல்வர் இவர், கடைசியானவர் இவர் எனத் தரம் பிரிப்பார்கள். 1948ஆம் ஆண்டில் ஆர்தர் ஷ்லெசிங்கர் என்னும் பேராசிரியர் 55 அறிஞர்களின் கருத்தைக் கேட்டு வெளியிட்ட பட்டியல் இவ்வழக்கத்திற்கு வழிகோலிற்று. அன்று முதலிடம் பெற்ற ஆபிரகாம் லிங்கனும், அவரை அடுத்து வந்த வாஷிங்டனும், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் பின்னர் நடந்த கணிப்புகள் பெரும்பாலானவற்றிலும் அம்மூன்று இடங்களை விட்டு இறங்கவில்லை. உள்நாட்டுப் போர் சூழ்ந்து வருவதைக் கண்டும் கைகட்டி நின்ற புக்கானனின் பெயரோ அடிவரிசையிலேயே கிடக்கிறது.

கும்மிடிப்பூண்டியில் நம்மிடம் மாலை வேளைகளில் அரபும் தமிழும் பயிலும் மாணவர்கள் இச்செய்தியை எங்கோ படித்துவிட்டு வந்து, "ஹஜ்ரத், நம் நாட்டில் யார் முதல்?" என்று கேட்டனர். விடையையும் அவர்களே சொல்லிவிட்டனர். வகுப்பறைச் சுவரில் மாட்டியிருந்த டாக்டர் அப்துல் கலாமின் படத்தை அத்தனை விரல்களும் சுட்டின.

அப்பொழுது வாயிலருகே அமர்ந்திருந்த ஒருவர் மெல்லக் கனைத்தார். பீகாரிலிருந்து வந்து, சிப்காட் வளாகத்து இரும்பு உருக்காலையொன்றில் பல்லாண்டுகளாக உழைக்கும் நடுவயது அன்பர் அவர். தமிழ் எழுத்துப் படிப்பதற்காக நம்மிடம் வருபவர். "மௌலானா, 2005இல் நாங்கள் போட்ட ஓட்டு என்னவாயிற்று என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பிள்ளைகளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், எனினும் அதுகாறும் அதனை வகுப்பில் வாய்திறந்து சொன்னதில்லை. இக்கட்டுரைக்கு அந்த வெட்கமே காரணம்.

முதற்கண் அளவுகோலைச் சொல்லிவிடுவோம். அமெரிக்காவின் தலைவர் ஆள்பவர். நம் நாட்டின் தலைவரோ அமைச்சரவையின் ஆலோசனைப்படி கையொப்பமிடுபவர். ஆகவே அவருடைய கல்வி, எளிமை, பேச்சு வன்மை ஆகியவற்றைக் கொண்டு தரம் பிரித்தல் பொருந்தாது. நெருக்கடியான ஒரு தாள் மேசைக்கு வந்தபோது அவர் என் செய்தார் என்பதே கேள்வி. ஹதீஸ் அறிவிப்பாளர்களைத் தரம் பிரித்த பெரியோர்களும் இத்தகைய கண்டிப்பையே கைக்கொண்டனர். இமாம் புகாரியின் ஆசிரியர்களுள் ஒருவரான அலீ இப்னுல் மதீனி, தம் தந்தையைப் பற்றிக் கேட்டபோது, தலைகுனிந்திருந்துவிட்டுப் பின்னர் நிமிர்ந்து, அவர் பலவீனமான அறிவிப்பாளர் என்று கூறிவிட்டார் என நூல்கள் உரைக்கின்றன.

நம் மாவட்டத்திலிருந்தே தொடங்குவோம். டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5ஆம் நாள் திருத்தணியில் பிறந்தவர். அவ்வூர் அன்று வட ஆற்காட்டைச் சேர்ந்தது. 1911இல் சித்தூருக்குப் போயிற்று. எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960இல் சென்னை மாநிலத்திற்குத் திரும்பி வந்தது. இன்று அது திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பதால், அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு பெருமை. 1962 முதல் 1967 வரை பதவி வகித்த அப்பெருமகனார், சீனப் படையெடுப்பின்போது அரசின் அசட்டையை வெளிப்படையாகவே கண்டித்தார். ஆயினும் 1965 மார்ச்சில் கேரளத்தில் தேர்தல் முடிந்து எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாதபோது, புதிய சட்டமன்றம் ஒருநாள் கூடக் கூடாமலே கலைக்கப்பட்டது. அந்த ஆணை பிறந்ததும் அவர் பெயராலேயே.

டாக்டர் ஜாகிர் ஹுசேனைக் குறித்து நீண்டு எழுதலாம். 1926 முதல் 1948 வரை ஜாமியா மில்லியாவைத் தோளில் சுமந்தவர். பிளேட்டோவின் 'குடியரசு' நூலை உருதுவில் தந்தவர். 1967 மே மாதத்தில் பதவியேற்று, ஈராண்டு நிறைவதற்குள், 1969 மே 3ஆம் நாள் இறையடி சேர்ந்தார். பெரும் சோதனைத் தாள் எதுவும் அவரிடம் வரவில்லை. கல்வியாளர் வரிசையில் அவருக்கு எவ்விடம் கொடுத்தாலும் தகும். இவ்வரிசையில் ஓரமாகவே அமர்த்த வேண்டியுள்ளது.

மர்ஹூம் ஃபக்ருத்தீன் அலீ அஹ்மதிடமோ அந்தத் தாள் வந்தது. 1975 ஜூன் 25ஆம் நாள் இரவு நெருக்கடிநிலைப் பிரகடனம் அவர் முன் வைக்கப்பட்டது. அமைச்சரவை கூடியிருக்கவில்லை, மறுநாள் காலையில்தான் கூடியது. "அமைச்சரவையின் முடிவு எங்கே?" என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேளாமல் ஒப்பமிட்டார். அவ்வாண்டு டிசம்பரில், குளியல் தொட்டியிலிருந்தபடியே அவர் அவசரச் சட்டங்களில் கையெழுத்திடுவதாக அபு ஆபிரகாம் வரைந்த கேலிச்சித்திரம் நாடெங்கும் பேசப்பட்டது. 1978இல் நிறைவேறிய 44ஆவது திருத்தம், நெருக்கடிநிலைக்கு அமைச்சரவையின் முடிவு எழுத்து மூலம் வரவேண்டும் என்று விதித்தது. அந்த ஓரிரவே அதற்குக் காரணம். நம் சமுதாயத்தவர் என்பதற்காக அவரைக் கடைசி இடத்திலிருந்து நகர்த்த நம்மால் இயலவில்லை.

அதே திருத்தம் வேறொரு கதவையும் திறந்தது. ஆலோசனையை ஒருமுறை திருப்பியனுப்பும் உரிமை குடியரசுத் தலைவருக்குக் கிடைத்தது. ஜெயில்சிங் அஞ்சல் மசோதாவை ஒப்பமிடாமலும் திருப்பாமலும் வைத்துக்கொண்டார். மக்களின் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு இடமளிக்கும் மசோதா அது. தஞ்சைத் தரணியில் இராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன், ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும், 1991 ஜனவரி 30ஆம் நாள் தி.மு.க. அரசைக் கலைக்கும் ஆணையில் ஒப்பமிட்டார். தமிழ்நாடு அதனை எளிதில் மறக்கவில்லை.

கே.ஆர். நாராயணன் காலத்தில்தான் அந்த உரிமை முழுமையாகப் பயன்பட்டது. 1997 அக்டோபரில் குஜ்ரால் அமைச்சரவை உத்தரப்பிரதேசத்தின் கல்யாண்சிங் அரசைக் கலைக்கச் சொன்னது, திருப்பியனுப்பினார். 1998 செப்டம்பரில் வாஜ்பாய் அமைச்சரவை பீகாரின் ராப்ரி தேவி அரசைக் கலைக்கச் சொன்னது, அதனையும் திருப்பியனுப்பினார். முன்னதில் பிழைத்தது பாரதீய ஜனதா. பின்னதில் பிழைத்தது அதன் எதிரி. ஆள் பார்த்து நிறுக்காத தராசு அது. 1999இல் பீகாரில் தலித் மக்கள் கொல்லப்பட்டபின் பரிந்துரை மீண்டும் வந்தபோது ஒப்பமிட்டார் என்பதையும் மறைத்தற்கில்லை.

இனி டாக்டர் கலாம். இராமேசுவரத்துத் தோணிக்காரர் வீட்டில் பிறந்து அம்மாளிகையில் ஐந்தாண்டு வாழ்ந்தவர். உறவினர் வந்து தங்கியபோது ஆன செலவைத் தம் கைப்பணத்தால் அடைத்தார் என அவர் செயலாளர் பி.எம். நாயர் எழுதியுள்ளார். பதவியேற்றதும் 2002 ஆகஸ்டில், கலவரத்தின் புண் ஆறாத குஜராத்திற்குச் சென்றார். ஆதாயப் பதவி மசோதாவை 2006 மே மாதத்தில் திருப்பியனுப்பினார். இவை யாவும் உண்மை.

2005 பிப்ரவரியில் பீகாரில் தேர்தல் நடந்தது. எவருக்கும் பெரும்பான்மை இல்லை. மே 22ஆம் நாள் இரவு, ஒருநாளும் கூடாத அச்சட்டமன்றத்தைக் கலைக்க மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. மாஸ்கோவிலிருந்த கலாமுக்குத் தாள் போயிற்று, அங்கிருந்தே ஒப்பமிட்டார். அந்தக் கலைப்பு அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாராயணன் இருமுறை செய்ததை இவர் அன்றிரவு செய்திருக்கலாம். கேரளத்தில் இராதாகிருஷ்ணன் செய்ததற்கு நீதிமன்றக் கண்டனம் இல்லை, கலாமுக்கு நேர்ந்தது. செயல் என்னவோ ஒன்றுதான்.

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி, கரும்பலகையில் நாராயணனை முதலாவதாகவும், ஃபக்ருத்தீன் அலீ அஹ்மதைக் கடைசியாகவும் எழுதினோம். கலாமை இரண்டாவதாக எழுதும்போது கை சற்றுத் தயங்கியது உண்மையே. மாணவர் இருவர் இணங்கவில்லை. ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பின்னர் ஒன்றையும் சேர்த்துச் சொன்னோம். அத்தீர்ப்புக்குப் பின் பதவி விலக எண்ணிக் கடிதம் எழுதியதையும், பிரதமர் மன்மோகன் சிங் வேண்டிக்கொண்டதால் அதனை விடுத்ததையும் 2012இல் வெளிவந்த நூலில் கலாமே பதிவு செய்துள்ளார். அதைக் கேட்ட பீகார் அன்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அவரே எழுதினாரா?" என்று இருமுறை கேட்டுவிட்டு, தம் ஓட்டு கலாமுக்கே என்று சொல்லி எழுந்தார். இரவுப் பணிக்கு நேரமாகிவிட்டிருந்தது.