பாட்டுக்கு நடுவே வந்த பல்பொடி

தில்லி நாடாளுமன்றத் தெருவில் ஆகாசவாணி இருக்கிறது. நம்மூர்ச் சமையலறைகளில் ஒலித்த சரோஜ் நாராயணஸ்வாமியின் செய்திக்குரல் தில்லியிலிருந்துதான் வந்தது (அவர் 2022 ஆகஸ்டில் காலமானார்). 1947 நவம்பர் 12 அன்று காந்தி இங்கே வந்து, குருக்ஷேத்திர முகாமில் இருந்த அகதிகளுக்காகப் பேசினார். வானொலி நிலையத்துக்கு அவர் வந்தது அந்த ஒருமுறைதான். அந்த உரை பத்திரமாக இருக்கிறது. பெரிய வித்வான்களின் கச்சேரிகளும் இருக்கின்றன.

சரி, கோபால் பல்பொடி விளம்பரம் எங்கே இருக்கிறது?

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் கேட்கிறேன். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று அந்த விளம்பரம் நாடுகளை அடுக்கும். புலம்பெயர்ந்த தமிழனின் வரைபடத்தை ஒரு பல்பொடிக்காரர் அன்றைக்கே போட்டுக் காட்டிவிட்டார்!

இந்த விளம்பரங்கள் நம் காதில் விழுந்ததற்கு ஒருவகையில் ஒரு மத்திய அமைச்சர் காரணம். 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதப் பிரியர். சினிமாப் பாட்டுக்குக் கிடுக்கிப்பிடி போட்டார். பட முதலாளிகளுடன் தகராறு முற்றி, கொஞ்ச காலம் பாட்டே இல்லாமல் போனது. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? முள்ளைத் திருப்பி இலங்கையைப் பிடித்தார்கள். அங்கே 1950-லேயே வர்த்தக சேவை தொடங்கியிருந்தது. 1952-ல் அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா அதில்தான் ஆரம்பம். பம்பாயில் பதிவு செய்து, நாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து இந்தியாவுக்கு ஒலிபரப்பினார்கள். பற்பசை விற்க என்ன பாடு பாருங்கள்!

நமக்கு மயில்வாகனனும் கே.எஸ்.ராஜாவும் அப்துல் ஹமீதும் கிடைத்தார்கள். அவர்கள் தமிழுக்காகவே விளம்பரத்தையும் கேட்கலாம்.

தில்லி 1957 அக்டோபர் 3-ல் விவித பாரதியைத் தொடங்கியது. ஆனால் விளம்பரத்தை அனுமதிக்க இன்னும் பத்து வருஷம் யோசித்தது. 1967 நவம்பர் 1-ல்தான், அதுவும் பம்பாய், புனே, நாகபுரியில் மட்டும். பிறகு சென்னைக்கும் வந்தது. 'தேன்கிண்ண'த்துக்கு நடுவே சோப்பும் பாக்கும் வந்தன. ஹார்லிக்ஸ்காரர்கள் 'சுசித்ராவின் குடும்பம்' என்று ஒரு குடும்பத்தையே நம் வீட்டுக்கு அனுப்பினார்கள். 'ரோஜா'வுக்கு (1992) முன்னால் ரஹ்மான் கைபழகியதும் விளம்பர இசையில்தான்.

இவ்வளவு நடந்திருக்கிறது, ஆனால் தேடினால் கொஞ்சம்தான் அகப்படுகிறது. விளம்பர நாடா வானொலியின் சொத்து அல்ல. ஏஜென்சி கொண்டுவந்து கொடுப்பது. ஒப்பந்தம் முடிந்தால் அதன் வேலையும் முடிந்தது. கச்சேரிக்கு வித்வான் பெயர் உண்டு, தேதி உண்டு. முப்பது விநாடி விளம்பரத்தில் பாடியவர் யார், எழுதியவர் யார் என்று அறிவிப்பதே இல்லை. பெயர் இல்லாததை யார் பட்டியல் போட்டு அடுக்குவார்கள்?

மிச்சம் இருப்பது நம் வீட்டுக் கேசட்டுகளில். ரேடியோவிலிருந்து பாட்டுப் பிடித்தவர்கள் விளம்பரம் வந்ததும் பாஸ் பொத்தானை அமுக்குவார்கள். விரல் கொஞ்சம் தாமதித்த இடத்தில்தான் ஒரு சோப்பின் பாதி ராகம், அறிவிப்பாளரின் இரண்டு வார்த்தை, சமையலறையிலிருந்து அம்மா கூப்பிடுவது எல்லாம் சேர்ந்து பதிவாகியிருக்கும். பாட்டு இன்று இணையத்தில் நூறு இடத்தில் கிடைக்கும். இது கிடைக்காது.

கரோல்பாக், ஆர்.கே.புரம் வீடுகளிலும் இப்போது பரண்கள் காலியாகின்றன. ஊரில் பழைய வீட்டை விற்கும்போது முதலில் குப்பைக்குப் போவது அந்த அட்டைப்பெட்டிதான். அடுத்த லீவில் ஊருக்குப் போனால் அதைக் கொண்டுவாருங்கள். கணினியில் ஏற்றும்போது பாட்டை மட்டும் வெட்டி எடுக்காமல், இரண்டு பக்கத்தையும் முழுசாக ஓடவிடுங்கள். கேசட் உறைமேல் அப்பா எழுதி வைத்த தேதியையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.