சரக்கு வழிகளில் ஆர்எஃப்ஐடி: பொதுத் தரம் உருவான வரலாறு

முன்னுரை

ரேடியோ அலையால் பொருளை அடையாளம் காட்டும் ஆர்எஃப்ஐடி டேக்கின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே எழுதப்படுகிறது. ஆனால் அதன் அடிப்படைக் கருத்து அச்சேறியது 1948இல். சரக்குத் துறையில் அது பெருமளவில் நிலைபெற்றது 1990களில். இந்த நெடிய இடைவெளியை மின்னணுவியல் வளர்ச்சியால் மட்டும் விளக்கிவிட முடியாது. பொதுத் தரமும், செலவும் பயனும் யாரைச் சேர்ந்தன என்பதும் இவ்வளர்ச்சியைத் தீர்மானித்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கருத்திலிருந்து கருவிக்கு

தன்மேல் படும் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பியே ஒரு பொருள் செய்தி சொல்ல முடியும் என்பதை ஹாரி ஸ்டாக்மன் 1948இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். நினைவகம் கொண்ட டேக்குக்கு மரியோ கார்டுல்லோ 1973இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். லாஸ் அலமாஸ் ஆய்வகத்தின் கோயல், டெப், ஃப்ரேமன் ஆகியோர் 1975இல் வெளியிட்ட ஆய்வு, எதிரொளிக்கும் அலையில் அடையாள எண்ணை ஏற்றும் முறையைச் செயல்முறைக்குக் கொண்டுவந்தது.

ரயில் பெட்டிகள் தந்த பாடம்

வட அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் சரக்குப் பெட்டி மற்ற நிறுவனங்களின் பாதைகளிலும் ஓடுகிறது. பெட்டி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தே வாடகைக் கணக்கு அமையும். இதற்காக 1967இல் ஏற்கப்பட்ட கார்ட்ராக் முறையில், பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய வண்ணப் பட்டைகளை ஒளியால் படித்தனர். அழுக்குப் படிந்த பட்டைகள் படிக்கப்படாமல் போயின; பராமரிப்பும் குறைந்தது. 1970களின் பிற்பகுதியில் அம்முறை கைவிடப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ரயில்பாதைச் சங்கம் ஆர்எஃப்ஐடியைக் கட்டாயமாக்கியது. அழுக்கு அலையைப் பெரிதும் தடுக்கவில்லை. எல்லா நிறுவனங்களும் ஒரே தரத்தை ஏற்றதால் எந்தப் பெட்டியையும் எந்தப் பாதையிலும் படிக்க முடிந்தது. பயனும் எல்லோருக்கும் கிடைத்தது.

கிடங்குகளில் நேர்ந்த தடை

1999இல் எம்ஐடியில் தொடங்கிய ஆட்டோ-ஐடி மையத்தில் டேவிட் பிராக், சஞ்சய் சர்மா, கெவின் ஆஷ்டன் ஆகியோர் டேக்கில் எண்ணை மட்டும் வைத்து, விவரங்களை வலையமைப்பில் வைக்கும் வழியை முன்வைத்தனர். டேக்கின் விலையைக் குறைக்க இது வழி திறந்தது. சில்லறை விற்பனை நிறுவனமான வால்மார்ட் 2003இல் தன் முதல் 100 வழங்குநர்கள் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் டேக் பொருத்த வேண்டும் என அறிவித்தது. டேக்கின் செலவு வழங்குநருக்கு, பயனில் பெரும்பகுதி கடைக்கு என்றானது. நீர் நிறைந்த பொருள்கள் அலையை உறிஞ்சின, உலோகம் திருப்பியடித்தது. திட்டம் எதிர்பார்த்த வேகத்தில் பரவவில்லை. எனினும் ஆட்டோ-ஐடி மைய முயற்சியின் தொடர்ச்சியாக 2004 டிசம்பரில் ஏற்கப்பட்ட ஜென்-2 தரம், வெவ்வேறு நிறுவனங்களின் டேக்குகளையும் ரீடர்களையும் ஒன்றிணைத்தது.

பின்னர் ஆடைத் துறையே முன்னேறியது. துணி அலைக்குத் தடையில்லை. ஸ்பெயினின் இண்டிடெக்ஸ் போன்ற குழுமங்கள் வடிவமைப்பு முதல் விற்பனை வரை தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதால், செலவிட்டவரே பயனையும் பெற்றனர். வாகனச் சுங்கக் கட்டணத்துக்கான இந்தியாவின் ஃபாஸ்டேகும் ஜென்-2 வழிவந்ததே. எந்த வங்கியின் டேக்கும் எந்தத் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியிலும் படிக்கப்படுவதற்குப் பொதுத் தரமே அடிப்படை.

முடிவுரை

சூழலைத் தாங்கும் கருவி, எல்லோரும் ஏற்கும் தரம், செலவிடுபவருக்குக் கிடைக்கும் பயன் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்திலேயே ஆர்எஃப்ஐடி நிலைத்தது. கார்ட்ராக்கில் முதலாவது இல்லை. வால்மார்ட் திட்டத்தில் மூன்றாவது குறைந்தது. எனவே புதிய கண்காணிப்புத் திட்டங்களை வகுப்போர் டேக்கின் விலையை ஆராயும் முன், அதை யார் சுமப்பார், யார் பயன்பெறுவார் என்பதை ஆராய வேண்டும்.