வற்றாத வெப்பம், வற்றிய நீராவி

அடுப்பில் இட்லிப் பானை ஏறுவதை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அடியில் நெருப்பு, பானைக்குள் நீர், மேலே மூடி. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் இட்லி வேகாது. நெருப்பு எவ்வளவுதான் எரியட்டுமே, நீர் வற்றிவிட்டால் ஆவி ஏது? வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இந்த உண்மையைப் பெரிய மின்நிலையங்கள் மிகுந்த பொருட்செலவில் கற்றுக்கொள்ள நேர்ந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பூமிக்குள் இறங்க இறங்க வெப்பம் கூடுகிறது. பொதுவாக ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை கூடும். பூமி உருவானபோது எஞ்சிய வெப்பமும், பாறைகளிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கத்தால் பிறக்கும் வெப்பமும் இதற்குக் காரணங்கள். சில இடங்களில் உருகிய பாறைக்குழம்பு மேற்பரப்புக்குச் சற்று அருகில் தங்கியிருக்கும். அங்கே பாறை வெடிப்புகளில் உள்ள நீர் கொதிக்கும். நீர் புகாத பாறை அடுக்கு ஒன்று மேலே இருந்தால், அதுவே பானைக்கு மூடி!

இத்தாலியில் டஸ்கனி என்னும் பகுதியில் இத்தகைய இடம் ஒன்று உண்டு. தரையிலிருந்து ஆவி சீறும்; குட்டைகளில் நீர் கொதிக்கும். அந்த நீரில் போரிக் அமிலம் இருப்பது 1777-இல் தெரியவந்தது. பிரான்சிலிருந்து வந்த லார்டெரல் என்பவர் 1818-இல் அங்கே அமிலத் தொழிலைத் தொடங்கினார். நீரைக் காய்ச்சி அமிலத்தைப் பிரிக்க விறகு வேண்டும். சுற்றியிருந்த காடுகளோ குறைந்துகொண்டே வந்தன. காலடியிலேயே வெப்பம் இருக்க, காட்டை ஏன் அழிக்க வேண்டும்? 1827-இல் அவர் நிலத்து ஆவியைக் கொண்டே நீரைக் காய்ச்சத் தொடங்கினார். அவர் பெயரால் அவ்வூர் லார்டெரல்லோ ஆயிற்று.

பின்னாளில் அத்தொழிலை நடத்திவந்த கோமகன் பியரோ ஜினோரி கோன்ட்டி, 1904 ஜூலை 4 அன்று நிலத்து ஆவியால் ஓர் எந்திரத்தை இயக்கினார். அத்துடன் இணைத்த டைனமோ ஐந்து மின்விளக்குகளை எரிய வைத்தது. ஐந்தே விளக்குகள்தாம்! ஆனால் புவிவெப்பத்தால் உலகில் முதன்முதலாக எரிந்த விளக்குகள் அவையே. 1913-இல் 250 கிலோவாட் ஆற்றலுள்ள மின்நிலையம் அங்கு இயங்கத் தொடங்கியது. 1944-இல், இரண்டாம் உலகப் போரில் பின்வாங்கிய ஜெர்மானியப் படைகள் அங்கிருந்த நிலையங்களை அழித்தன. போருக்குப் பின் அவை மீண்டும் எழுந்தன.

பிற நாடுகளும் இதைப் பின்பற்றின. நியூசிலாந்தில் வைராக்கெய் நிலையம் 1958-இல் செயல்படத் தொடங்கியது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள மலைப்பகுதியில், ‘கெய்சர்ஸ்’ என்னுமிடத்தில், 1960-இல் 11 மெகாவாட் நிலையம் ஒன்று அமைந்தது. கெய்சர் என்றால் பீறிட்டெழும் வெந்நீர் ஊற்று. உண்மையில் அங்கு அவ்வகை ஊற்றுகள் இல்லை. ஆவித் துளைகளும் வெந்நீர்ச் சுனைகளுமே உண்டு.

நிலக்கரி வேண்டாம், புகையும் குறைவு. ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக நிலையங்கள் பெருகின. 1980-களின் இறுதியில் கெய்சர்ஸின் மொத்தத் திறன் ஏறத்தாழ 2,000 மெகாவாட்டை எட்டியது. அப்போதுதான் சிக்கல் தோன்றியது. கிணறுகளில் ஆவியின் அழுத்தம் வேகமாகக் குறைந்தது. மின் உற்பத்தி சரிந்தது. சில நிலையங்களை மூட நேர்ந்தது.

பூமியின் நெருப்பு அணைந்துவிட்டதா? இல்லை. பாறைகள் சூடாகவே இருந்தன. குறைந்தது நீர்தான்! டர்பைனைச் சுழற்றிய ஆவியின் பெரும்பகுதி குளிர்விப்புக் கோபுரங்கள் வழியே காற்றில் கலந்துவிட்டது. மழைநீர் ஊறி வந்து ஈடுசெய்யும் வேகத்தைவிட, மனிதன் எடுத்த வேகம் அதிகம்.

தீர்வு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஊராரின் சாக்கடையிலிருந்து! அருகிலுள்ள ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாய்வழியே கொண்டுவந்து 1997 முதல் பூமிக்குள் செலுத்தினார்கள். 2003 முதல் சாந்தா ரோசா நகரின் கழிவுநீரும் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் குழாயில் மலையேறி வந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கோடி லிட்டர்! நகருக்குக் கழிவுநீரை அகற்ற வழி கிடைத்தது. மின்நிலையத்துக்கு ஆவி கிடைத்தது. உற்பத்தியின் சரிவும் தணிந்தது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. குளிர்ந்த நீர் சூடான பாறையைச் சேரும்போது சிறு நில அதிர்வுகள் தோன்றுகின்றன. அவற்றை அக்கம்பக்கத்து மக்கள் உணர்ந்தார்கள்.

லார்டெரல்லோவிலும் 1970-களின் இறுதியிலிருந்து நீரைத் திரும்பச் செலுத்தும் முறை கைக்கொள்ளப்பட்டது. ஐந்து விளக்குகள் எரிந்த அந்த வட்டாரம் நூறாண்டு கடந்தும் மின்சாரம் தருகிறது.

புவிவெப்பத்தைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று பாடநூல்களில் படிக்கிறோம். அது சரியே. ஆனால் அந்தப் பெயர் தானாக நிலைப்பதில்லை. எடுக்கும் அளவை அறிந்து எடுத்து, எடுத்த நீரை ஈடுசெய்தால்தான் நிலைக்கும். அடுத்தமுறை இட்லிப் பானையில் நீர் இருக்கிறதா என்று அம்மா மூடியைத் திறந்து பார்க்கும்போது, கெய்சர்ஸின் கதையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.