நாளும் காற்றும் நாட்குறிப்பும்

தமிழர் இல்லங்களில் தொங்கும் நாள்காட்டியின் ஒவ்வொரு தாளிலும் இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று உலக வழக்கில் உள்ள ஆங்கிலத் தேதி. மற்றொன்று சித்திரை முதலாக எண்ணப்படும் தமிழ்த் தேதி. இரண்டும் ஒரே நாளைக் குறிப்பதால் அவற்றிடையே முரண்பாடு இருப்பதாக எவரும் எண்ணுவதில்லை. ஆனால், "இந்த நாளில் நிகழ்ந்தது யாது?" என்று வரலாற்றை நோக்கி வினவும்போது, "இந்த நாள் என்பது எந்த நாள்?" என்னும் மற்றொரு வினாவும் உடன் எழுகின்றது. இதற்கு விடை காண விழைவார்க்குப் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழர் ஒருவரின் நாட்குறிப்பு பெருந்துணை புரிகின்றது. அவரே புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை.

ஆனந்தரங்கர் 1709-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். தந்தையார் திருவேங்கடம் பிள்ளையுடன் புதுச்சேரிக்குக் குடியேறி, வாணிகத்தில் உயர்ந்து, 1747-இல் ஆளுநர் டூப்ளேயின் தலைமைத் துபாஷியானார். அவருடைய நாட்குறிப்பு 1736 செப்டம்பர் 6-ஆம் நாள் தொடங்குகின்றது. அது நள ஆண்டு ஆவணித் திங்கள், வியாழக்கிழமை. காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும், கப்பல்களின் வரவு போக்கையும், நடைபெறும் புதுமைகளையும் எழுதி வைப்பதே தம் நோக்கம் என்று தொடக்கத்திலேயே அவர் கூறிவிடுகின்றார். இடையிடையே நாட்கள் விடுபட்டபோதிலும், 1761 சனவரியில் அவர் மறையும் வரை ஏறத்தாழ 25 ஆண்டுக் காலம் அக்குறிப்பு நீண்டது.

அந்நூலைப் புரட்டுவோர் கண்முன் அரசியல் மட்டுமா நிற்கின்றது? எத்தனை பீரங்கி முழங்கியது, எந்தத் துணி என்ன விலை போயிற்று, யார் வீட்டுத் திருமணத்திற்கு என்ன வரிசை வந்தது, ஆளுநர் எந்த முகத்தோடு பேசினார் என்பனவெல்லாம் அதில் இடம்பெறுகின்றன. நடையோ இலக்கண நூலோர் வகுத்த நடையன்று. அக்காலப் புதுவைத் தெருவில் வழங்கிய பேச்சுத் தமிழே. "முசே" என்றும் "குவர்னதோர்" என்றும் அயற்சொற்கள் தமிழோடு கலந்து வருகின்றன. பயனற்ற சில்லறைச் செய்திகள் என்று ஒருவர் இவற்றை ஒதுக்கிவிடக் கூடும். அவ்வாறு ஒதுக்குவது எத்துணைப் பெரிய இழப்பாகும் என்பதற்குக் காற்றும் மழையுமே சான்று பகரும்.

வாடை, கொண்டல், தென்றல், கோடை என நாற்றிசைக் காற்றுக்கும் பெயரிட்டவர் தமிழர். சோழமண்டலக் கரையில் வாழ்ந்தோர்க்கு இப்பெயர்கள் ஏட்டில் மட்டும் வாழ்ந்தனவல்ல. அவர்தம் பிழைப்பே அவற்றைப் பொறுத்திருந்தது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அந்நாளில் மூடிய துறைமுகம் கிடையாது. பெருங்கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலிலே நங்கூரம் பாய்ச்சி நின்றன. பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகளே அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்குகளையும் ஏற்றி இறக்கின. வடகிழக்குப் பருவக்காற்று வீசத் தொடங்கும் ஐப்பசியில் அவ்வாறு நிற்பது பேரிடர். ஆகவே, புரட்டாசி கழிவதற்குள் கரையை விட்டு அகல்வதே மாலுமிகள் கைக்கொண்ட முறை.

இம்முறையை மீறியதால் விளைந்த கேட்டை 1746-ஆம் ஆண்டு காட்டிற்று. பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொன்னே அவ்வாண்டு சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டுக் கைப்பற்றினார். பதினொரு இலட்சம் வராகன் பெற்றுக்கொண்டு நகரை ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது அவர் செய்த ஏற்பாடு. டூப்ளே அதற்கு இசையவில்லை. இருவருக்குமிடையே கடிதங்கள் பறந்தன, நாட்கள் கழிந்தன, கப்பல்கள் சென்னைக்கு எதிரே நின்றுகொண்டேயிருந்தன. புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் வேளை, ஒரு வியாழக்கிழமை இரவில், புயல் எழுந்தது. கப்பல்கள் சில மூழ்கின. சில பாய்மரம் முறிந்து தத்தளித்தன. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடற்படை சிதைந்த பின்னர் லா பூர்தொன்னேயின் சொல்லுக்கு வலிமையில்லை. அம்மாதத்திலேயே அவர் சென்னையை விட்டுச் சென்றார். டூப்ளே உடன்படிக்கையைத் தள்ளிவிட்டு நகரைத் தம் வசமே வைத்துக்கொண்டார். இரு தலைவர்களின் வழக்கைத் தீர்ப்பதில் காற்றும் ஒரு நடுவராக இருந்தது எனலாம்.

இனி, இந்நிகழ்ச்சிகளின் தேதியை நோக்குவோம். சென்னைக் கோட்டை வீழ்ந்த நாள் சில நூல்களில் செப்டம்பர் 10 என்றும், சிலவற்றில் செப்டம்பர் 21 என்றும் காணப்படுகின்றது. புயல் எழுந்த இரவு ஒரு சாராருக்கு அக்டோபர் 2. மற்றொரு சாராருக்கு அக்டோபர் 13. பின்னர்ச் சாந்தோமை அடுத்த அடையாற்றங்கரையில் நவாபு அன்வருத்தீனின் பெரும்படையைச் சிறிய பிரெஞ்சுப் படை முறியடித்த போரும் அக்டோபர் 24 என்றும் நவம்பர் 4 என்றும் இருவகையாக எழுதப்படுகின்றது. படிக்கும் மாணவன் மயங்குகின்றான். இரண்டில் ஒன்று பொய் என்று முடிவு செய்கின்றான். உண்மையில் இரண்டுமே மெய்.

புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரிகோரி 1582-இல் திருத்தியமைத்த புதிய கணக்கைப் பின்பற்றினர். ஆங்கிலேயரோ சூலியசு சீசர் காலத்துப் பழைய கணக்கையே பற்றி நின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டிற்கும் இடையே பதினொரு நாள் வேறுபாடு. அன்றியும், ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச்சு 25-ஆம் நாளே பிறந்தது. அதனால் பிரெஞ்சுக்காரர் 1746 பிப்ரவரி என்று எழுதிய காலத்தை ஆங்கிலேயர் 1745 பிப்ரவரி என்று எழுதியதும் உண்டு. 1752-இல்தான் ஆங்கிலேயர் பழைய கணக்கைக் கைவிட்டனர். அவ்வாண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் புதன்கிழமைக்கு அடுத்த நாள், செப்டம்பர் 14 வியாழக்கிழமையாயிற்று.

தமிழ்க் கணக்கு மூன்றாவது வழியில் நின்றது. தமிழருடைய நாள் நள்ளிரவில் பிறப்பதன்று. கதிரவன் எழும்போது பிறப்பது. அறுபது நாழிகை கொண்ட அந்நாளில், பின்னிரவில் நிகழ்வது முந்திய நாளின் நிகழ்ச்சியே. ஐரோப்பியர்க்கோ அது மறுநாளின் நிகழ்ச்சி. மேலும், விண்மீன் மண்டலத்தை ஒட்டிக் கணிக்கப்படும் தமிழாண்டு கிரிகோரியன் ஆண்டைவிடச் சிறிது நீண்டது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் வேறுபடும். இக்காலத்தில் ஏப்ரல் 14-ஐ ஒட்டிப் பிறக்கும் சித்திரை, ஆனந்தரங்கர் காலத்தில் சுமார் நான்கு நாள் முன்னதாகவே பிறந்தது. இன்றைய நாள்காட்டியை வைத்துக்கொண்டு அன்றைய தமிழ்த் தேதியை மாற்றிக் கணிப்போர் இடறி விழும் இடம் இதுவே.

இம்மயக்கத்திலிருந்து மீள வழி யாது? கிழமையே வழி. எந்தக் கணக்கு மாறினும் ஞாயிறு முதல் சனி வரையிலான சுழற்சி அறுபடவில்லை. பழைய கணக்கின் செப்டம்பர் 10-உம் புதிய கணக்கின் செப்டம்பர் 21-உம் அவ்வாண்டில் புதன்கிழமையே. ஆனந்தரங்கர் தமிழாண்டையும் திங்களையும் தேதியையும் குறித்து, ஐரோப்பியத் தேதியையும் கிழமையையும் உடன் சேர்த்து எழுதியது இங்கேதான் அருமையாகின்றது. ஒன்று பிழைபட்டால் மற்றொன்று அதனைத் திருத்தும். எளிய வணிகக் கணக்கரின் பழக்கம் வரலாற்றாசிரியர்க்கு உரைகல்லாயிற்று.

அவருடைய இறுதி நாட்களில் மற்றொரு புயல் வந்தது. புதுச்சேரியை ஆங்கிலேயர் கடலிலும் நிலத்திலும் வளைத்திருந்த வேளையில், 1761 சனவரி முதல் நாள், அவர்தம் கப்பற்படையைச் சூறாவளி தாக்கியது. கப்பல்கள் சில மூழ்கின. சில கரையில் மோதின. முற்றுகைக்கு உட்பட்டிருந்தோர்க்கு ஒரு கணம் நம்பிக்கை பிறந்தது. ஆயினும் பிரெஞ்சுக் கப்பல் எதுவும் துணைக்கு வரவில்லை. ஆங்கிலேயர் சின்னாட்களில் மீண்டும் கடலை அடைத்தனர். சனவரி 12-இல் ஆனந்தரங்கர் காலமானார். நான்கு நாள் கழித்து, 16-ஆம் தேதி, ஆங்கிலப் படை நகருக்குள் புகுந்தது. இம்முறை வெற்றி பெற்றோரும் தோல்வியுற்றோரும் ஒரே தேதியையே எழுதினர். 1752-இல் நிகழ்ந்த மாற்றத்தின் பயன் அது.

நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வானாய்வுக்கூடம் எழுந்த பிறகு, 1796 முதல் சென்னையின் வானிலை கருவிகொண்டு முறையாகக் குறிக்கப்பட்டது. ஆனந்தரங்கர் மறைந்து 35 ஆண்டுகளுக்குப் பின்னரே அது நிகழ்ந்தது. அதற்கு முற்பட்ட காலத்தின் காற்றையும் மழையையும் அறியக் கப்பற் குறிப்புகளும் கும்பினிக் கடிதங்களும் இத்தகைய நாட்குறிப்புகளுமே கைகொடுக்கின்றன.

அத்தகைய செல்வத்தைத் தமிழர் எவ்வாறு போற்றினர் என்பது சிந்தித்தற்குரியது. ஆனந்தரங்கரின் கையெழுத்துச் சுவடிகள் 1846-இல் காலுவா மோன்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டதால் வெளியுலகம் அவற்றை அறிந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்து முற்றுப்பெற்றது. தமிழ் மூலம் நூல் வடிவில் வரத் தொடங்கியதோ அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான். தமிழில் எழுதப்பட்ட நூலைத் தமிழரே நெடுங்காலம் ஆங்கிலத்தில் படிக்க நேர்ந்தது! எழுதுவாரும் இருந்தனர், காப்பாரே குறைந்தனர்.

ஆனந்தரங்கரோடு அப்பழக்கம் நின்றுவிடவில்லை. அவர் குடும்பத்தைச் சேர்ந்த திருவேங்கடம் பிள்ளையும், பின்னர் இரண்டாம் வீராநாயக்கரும் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதினர். ஆகவே, நாட்குறிப்பு எழுதுவது தமிழர்க்கு அயலாகிய வழக்கம் என்று கூறுவதற்கில்லை. வகுப்பறையில் அன்றாடம் கரும்பலகையின் ஓரத்தில் தேதி எழுதப்படுகின்றது. அதனோடு கிழமையையும் தமிழ்த் தேதியையும், அன்று வீசிய காற்றையும் பெய்த மழையையும், ஊரில் நிகழ்ந்த ஒரு செய்தியையும் மாணவர் ஏட்டில் குறித்து வைக்கப் பழகுவராயின், அது வரலாற்றுக் கல்விக்கு நல்ல தொடக்கமாகும். இன்று சில்லறையாகத் தோன்றும் செய்தி நூறாண்டு கழித்து எவ்வழக்கிற்குச் சான்றாகும் என்பதை எழுதுகின்றவன் அறியான். அறியாவிடினும் எழுதி வைத்தலே அவன் கடன்.