கப்கேக் பூட்டியவர்கள்

2009-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் மூன்று பேர் தொடங்கிய மேக்கர்பாட், 'கப்கேக் சிஎன்சி' என்ற 3டி பிரிண்டரை விற்றது. பிரிண்டர் என்பதைவிட ஒரு பெட்டி நிறைய உதிரிபாகங்கள் என்பதே சரி. லேசரில் வெட்டிய பிளைவுட், மோட்டார்கள், போல்ட்டுகள். வாங்கியவர்தான் பூட்டணும். ஓடவில்லையா, பிரிச்சு மறுபடி மாட்டணும்.

இன்றைய பேச்சில் அவர்கள் பீட்டா டெஸ்டர்கள். என்ன, காசு கொடுத்து அந்த வேலையைச் செய்தார்கள். ஆர்டர் குவிந்தபோது, அடுத்த இயந்திரங்களுக்கான பாகங்களை ஏற்கெனவே வாங்கியவர்களிடமே அச்சடித்துத் தரச் சொல்லிக் கேட்டது நிறுவனம். (நாமா இருந்தா தலையாட்டியிருப்போமா?) அவர்கள் தந்தார்கள். வரைபடங்கள் எல்லாம் ஓபன் சோர்ஸாக இருந்ததுதான் அந்த நம்பிக்கைக்கு அடிப்படை. அட்ரியன் போயர் 2005-ல் பாத் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரெப்ராப் திட்டம் பழக்கிவிட்ட குணம் அது. நான் கண்டுபிடித்த திருத்தம் உனக்கு, உன்னுடையது எனக்கு.

2012-ல் வந்த ரெப்ளிகேட்டர் 2-ன் வடிவமைப்பை மேக்கர்பாட் முழுதாக வெளியிடவில்லை. அப்படியே நகலெடுத்து விற்கிறார்கள் என்றது. அந்தப் பயத்தில் நியாயமே இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இயந்திரம் அவ்வளவு தூரம் வந்ததில் கப்கேக்காரர்களின் ராத்திரிகளும் உண்டே? நிறுவனர்களில் ஒருவரும், அதற்குள் வெளியேறியிருந்தவருமான ஸாக் ஸ்மித்தே பகிரங்கமாக எதிர்த்தார்.

அடுத்த வருடம் ஸ்ட்ராட்டசிஸ், சுமார் 40 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து மேக்கர்பாட்டை வாங்கிக்கொண்டது.