ஒரே ராகம், ஐந்து இசைத்தட்டு

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிடும் இடம் லேக் மார்க்கெட். முருங்கைக்காயும் காபிப்பொடியும் அங்கே கிடைத்துவிட்டால் பாதி ஊர் வந்த மாதிரி. அடுத்துக் கண்டுபிடிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அதைப் புதிதாக வருபவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட். மிர்சா காலிப் தெரு என்று பெயர் மாற்றிப் பல வருஷம் ஆகியும் டாக்ஸிக்காரர்களுக்குப் பழைய பெயர்தான் புரியும். பழைய இசைத்தட்டு வாங்கும் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அந்தத் தெரு ஒரு கோயில்.

"ஒரே ராகத்துக்கு எதற்கு ஐந்து ரெக்கார்ட்?" என்று வீட்டில் கேள்வி வந்தது. ஒரே ராமாயணத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறோம் என்று பதில் சொன்னேன். சமாளிப்பு என்று உடனே தெரிந்துவிட்டது :-) ஒழுங்கான பதில் கொஞ்சம் நீளம், அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

இந்தியாவில் இசைத்தட்டின் கதை தொடங்குவதும் இதே ஊரில்தான். 1902 நவம்பரில் ஃப்ரெட் கைஸ்பெர்க் என்ற அமெரிக்கர், லண்டனைச் சேர்ந்த கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்தார். மைக் கிடையாது, மின்சாரத்துக்கு அதில் வேலையே இல்லை. பெரிய தகரக் குழாய் ஒன்றின் வாய்க்குள் தலையை நீட்டிப் பாட வேண்டும். குரலின் அழுத்தம் மட்டுமே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். உரக்கப் பாடினால் பதியும், மென்மையாகப் பாடினால் காற்றோடு போகும். இப்போது அந்தப் பதிவுகளைக் கேட்டுவிட்டு "அந்தக் காலத்தில் எல்லோரும் கத்தித்தான் பாடினார்கள்" என்று தீர்ப்புச் சொல்பவர்கள் இந்தக் குழாயை மறந்துவிடுகிறார்கள். தம்புரா கேட்கவில்லை என்றால் அது அங்கே இல்லை என்று அர்த்தமில்லை, குழாய்க்கு அது எட்டவில்லை.

அந்தக் குழாயின் முன்னால் துணிந்து நின்றவர்களில் முக்கியமானவர் கௌஹர் ஜான். பெரிய உஸ்தாதுகள் பலர் தயங்கினார்கள். தங்கள் வித்தை ஒரு தட்டில் ஏறி, முகம் தெரியாதவன் வீட்டில் ஒலிப்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை. தயங்காமல் வந்தவர்கள் தவாயிஃப் பெண்கள். நம் பக்கத்திலும் ஆரம்ப கால இசைத்தட்டுகளில் தேவதாசி குலப் பெண்களின் குரல்தான் பெருமளவு. கௌஹர் ஜான் சுமார் 600 தட்டுகள் கொடுத்தார், பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில். 1930-ல் மைசூரில் காலமானார். பாட்டு முடிந்ததும் "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் கணீரென்று சொல்வாரே, அதைப் பலர் கர்வம் என்று நினைக்கிறார்கள். மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியில் ஹானோவருக்குக் கப்பலில் போய்த்தான் அச்சாகி வரும். அங்கே இருப்பவர்களுக்கு இது யாருடைய பாட்டு என்று தெரிந்து லேபிள் ஒட்ட வேண்டுமே! 1908-ல் இங்கேயே சியால்தாவில் தொழிற்சாலை வந்தது, பிறகு டம்டமுக்குப் போனது.

பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷம். ராத்திரி முழுக்க விரியும் ஒரு ராகத்தை மூன்று நிமிஷத்துக்குள் மடிப்பது என்றால் எதை விடுவது? ஆலாபனையை இரண்டு வரியில் முடித்து, பந்திஷை ஒருமுறை காட்டி, கடைசியில் சில தான்களை வீசி, ஊசி நடுவட்டத்தைத் தொடுவதற்குள் முடிக்க வேண்டும். இதைக் குறை என்றே எழுதுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. ராகத்தின் உயிர் எங்கே என்று அந்தப் பாடகர் நினைத்தார் என்பது இந்த மூன்று நிமிஷத்தில் தெரிவது போல, பிற்காலத்தில் எல்பி ஒரு பக்கம் முழுக்க விரியும் ஆலாபனையில் தெரியாது. உஸ்தாத் அமீர் கானின் மார்வா எல்பியைக் கேட்டால் கடல் கரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அது ஒரு சுகம். ஆனால் நேரத்துக்குப் பஞ்சம் இருந்தவன் எதை முதலில் எடுத்தான் என்று பார்ப்பது தனிச் சுகம்.

இனி சிக்கலான இடம். 78 என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். ஆரம்ப காலத் தட்டுகள் எல்லாம் நிமிஷத்துக்கு 78 சுற்றில் பதியப்பட்டவை அல்ல. எழுபதுக்குச் சற்று மேலே, எண்பதுக்கும் மேலே என்று பலவிதம். 72-ல் பதிந்த தட்டை 78-ல் சுழற்றினால் என்ன ஆகும்? வேகம் எட்டு சதவீதம் கூடும், சுருதியும் கூடவே ஏறும். நாலு கட்டையில் பாடியவர் நாலரையைத் தாண்டி ஐந்தை எட்டிப் பார்ப்பார். பிருகா எல்லாம் மின்னல் வேகம் ஆகிவிடும். "அடேயப்பா, அந்தக் காலத்துக் குரல்!" என்று நாம் வாயைப் பிளப்போம். பாதிப் புகழ் மோட்டாருக்குப் போக வேண்டியது.

மேற்கத்திய இசை சேகரிப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. எந்தச் சுருதியில் அந்தப் பாட்டு எழுதப்பட்டது என்று ஏட்டில் இருக்கும், அதை வைத்துச் சரி செய்துகொள்ளலாம். நமக்கு சட்ஜம் பாடகரின் தொண்டையைப் பொறுத்தது, ஏடு உதவாது. அதனால் வேறு தடயங்களைத் தேட வேண்டும். பக்கவாத்தியமாக ஹார்மோனியம் இருந்தால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் அதன் கட்டை பாடகருக்காக இளகாது. அதே பாடகர் பிற்காலத்தில் மைக்கில் பாடிய தட்டு இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். லேபிளை ஒட்டிய வழவழப்பான இடத்தில் கீறியிருக்கும் எண்ணைப் பார்த்தால் எந்தெந்தத் தட்டு ஒரே அமர்வில் பதிவானது என்று தெரியும். ஒன்றுக்கு வேகம் பிடிபட்டால் மற்றவைக்கும் பெரும்பாலும் அதுவே. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கின்னியர் இந்த எண்களை வைத்து 1899 முதல் 1908 வரையிலான இந்தியப் பதிவுகளுக்கு ஒரு பட்டியல் நூலே போட்டார், 1994-ல். பாட்டு ஒரு வரிகூடக் கிடையாது, வெறும் எண்ணும் பெயரும். என்னைப் போன்றவர்களுக்கு அது நாவல்.

ஒப்பிட்டுக் கேட்க ஆசைப்படுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது சிதாரை. இம்தாத் கான் 1904-ல் குழாய்க்கு முன்னால் வாசித்தவர், சிதாருக்கு அதுதான் ஆரம்பம். அவருடைய மகன் இனாயத் கானின் தட்டுகள் அடுத்த தலைமுறை. பேரன் விலாயத் கான் எட்டு வயதிலேயே ஒரு தட்டு கொடுத்துவிட்டு, பிறகு எல்பி, கேசட், சிடி எல்லாம் பார்த்து 2004-ல் மறைந்தார். தாத்தா, அப்பா, பேரன் மூவரையும் ஒரே மாலையில் வரிசையாகக் கேளுங்கள். தாத்தாவிடம் நாதம் சன்னம், விரல் வேகம், மூச்சு விட நேரமில்லை. பேரனிடம் சிதார் பாட ஆரம்பித்துவிடுகிறது. தந்தியை இழுத்து இழுத்துக் குரல் போல ஆக்குகிறார், அதற்காகத் தந்திகளின் அமைப்பையே மாற்றிக்கொண்டார். பத்து வயதில் அப்பாவை இழந்து, பாட்டுக்காரர்களான அம்மா வழியினரிடமும் கற்றதன் பலன் அது. ஆனால் அந்த இழுப்பின் விதை தாத்தாவின் கரகரப்பான தட்டிலேயே இருக்கிறது. பேரனைக் கேட்ட பிறகு தாத்தாவிடம் திரும்பிப் போனால்தான் அது காதில் விழும்.

அதே தாத்தாவின் தட்டு ஒன்று பாரிஸ் வரை போய் என்ன செய்தது தெரியுமா? மொரீஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், ராவெலின் சீடர், 1912-ல் இந்தியாவுக்கு வந்தார். இந்திய இசைத்தட்டுகளில் மயங்கியவர். அந்தப் பயணத்தின் பலனாக எழுதிய நான்கு பாடல்கள் 1914 ஜனவரியில் பாரிஸில் அரங்கேறின. அதில் லாகூர் என்ற பாடலில் செல்லோ வழுக்கிக்கொண்டே போகும் இடம், இம்தாத் கானின் ஜோன்புரி தோடி தட்டைக் கேட்டு எழுதியது.

அவரை இன்னும் ஆழமாகப் பிடித்தது ஒரு தமிழ்க் குரல். கோயம்புத்தூர் தாயி. பழனிக்குஞ்சரம் என்பது இயற்பெயர், 1872-ல் பிறந்து 1917-ல் மறைந்தவர். வள்ளலாரின் அருட்பாவை அவர் பாடிய இசைத்தட்டைக் கேட்டு, ராகமாலிகா என்ற பெயரிலேயே தெலாஜ் ஒரு பாடல் அமைத்தார். பிரெஞ்சுப் பாடகி பாட வேண்டியது தமிழ்ச் சொற்களை! தாள வாத்தியத்தின் ஓசை வருவதற்காகப் பியானோவின் ஒரு தந்தியை அட்டை வைத்து அமுக்கச் சொல்லியிருக்கிறார். பியானோவுக்குள் பொருளைச் செருகி ஓசையை மாற்றும் வித்தைக்குப் பின்னாளில் பெரிய பெயர் வந்தது. அதன் முன்னோடிகளில் ஒன்று கோயம்புத்தூர்ப் பெண்மணி ஒருவரின் மூன்று நிமிஷத் தட்டிலிருந்து பிறந்தது. பிரெஞ்சுப் பாடலையும் தாயியின் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் தெலாஜ் எதைப் பிடித்தார், எதைக் கோட்டை விட்டார் என்று தெரிகிறது. சுரத்தைப் பிடித்துவிட்டார். கமகத்தை அருகே போய்த் தொட்டுவிட்டு வந்துவிட்டார். அதற்கே ஒரு நமஸ்காரம் போடலாம்.

வடக்கிலிருந்து தெற்கே வந்த காது ஒன்றும் உண்டு. கிரானா கரானாவின் உஸ்தாத் அப்துல் கரீம் கான். மைசூர் அரண்மனைக்குப் போய் வந்த பழக்கத்தில் கர்நாடக சங்கீதத்தைக் கவனித்துக் கற்றவர். தியாகராஜரின் கரஹரப்ரியா கீர்த்தனை ஒன்றை 78-ல் பாடியே இருக்கிறார். நம்மூர்க் காதுக்கு முதலில் சிரிப்பு வரலாம், உச்சரிப்பு அப்படி. மூன்றாவது தடவை கேட்கும்போது சிரிப்பு நின்றுவிடும். நாம் அசைத்து அசைத்துப் பாடும் சுரங்களை அவர் நேராக நிறுத்துகிறார், ராகம் காஃபிக்கும் கரஹரப்ரியாவுக்கும் நடுவில் எங்கேயோ மிதக்கிறது. அடுத்து ஒரு கர்நாடக வித்வானின் கரஹரப்ரியாவைப் போட்டால், கமகம் என்றால் என்ன என்று பத்து வருஷ சபா அனுபவம் சொல்லித் தராததை ஆறு நிமிஷம் சொல்லித் தரும். அவருடைய தட்டு ஒன்றைக் கடையில் கேட்டுவிட்டுத்தான் சிறுவன் பீம்சேன் ஜோஷிக்குப் பாட்டுப் பித்து ஏறியது என்பார்கள். 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் போகும்போது உடம்பு சரியில்லாமல் போய், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கினார் அப்துல் கரீம் கான். அந்த பிளாட்பாரத்திலேயே உயிர் பிரிந்தது. அடக்கம் செய்தது மிரஜில். செங்கல்பட்டுப் பக்கம் மின்சார ரயிலில் தினமும் போய் வந்த எனக்கு, இதைத் தெரிந்துகொள்ள கல்கத்தா வரை வரவேண்டியிருந்தது.

இதையெல்லாம் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மைப் போல வெளியூரில் தங்கிவிட்டவர்கள் ஊரில் இருக்கும் பூர்வீக வீட்டை விற்கும் காலம் இது. நாலு நாள் லீவில் போய், பத்திரப் பதிவு முடித்து, பரணில் இருப்பதை மொத்தமாகப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு ரயில் ஏறுகிறோம். பித்தளைப் பாத்திரத்தை எடைக்குப் போடும்போது இருக்கும் வருத்தம்கூட இசைத்தட்டுக்கு இருப்பதில்லை. யூட்யூபில்தான் எல்லாம் இருக்கிறதே என்கிறார்கள். இல்லை. பெரிய பெயர்கள் இருக்கின்றன, அவற்றிலும் பல தப்பான வேகத்தில் ஏற்றப்பட்டவை. ஒரு தட்டு பிழையா என்று பார்க்க இன்னொரு பிரதி வேண்டும், அந்தப் பிரதி உங்கள் பரணில் இருக்கலாம். தாயி மாதிரி பெண்களுக்கு இந்தத் தட்டை விட்டால் வேறு பெரிய சாட்சி எதுவும் கிடையாது.

ஆகவே பரணில் கனமான கறுப்புத் தட்டுகள் கிடைத்தால்: அது அரக்கு, கீழே விழுந்தால் அப்பளம். படுக்க வைத்து அடுக்காதீர்கள், புத்தகம் மாதிரி நிற்க வைத்துக் கட்டுங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே வேண்டாம், அரக்கு அதில் கரைந்துவிடும். பாதித் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணி போதும், லேபிள் நனையாமல். எல்பி ஊசியில் போட்டுப் பார்க்காதீர்கள், 78-ன் பள்ளம் மூன்று நான்கு மடங்கு அகலம், அதற்கென்று தனி ஊசி உண்டு. வேறு எதுவும் முடியாவிட்டால் லேபிளையும் அதை ஒட்டிக் கீறியிருக்கும் எண்ணையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் அந்த எண் தெரியும்.